மூன்றாவது கிலோமீட்டர்

"எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளுன்னு சொல்லுவாங்க. பரீத் பாயைப் பாத்தப்புறந்தானுங்க நானே அதை நம்பறேன்."

பரீத் பாய் இன்னும் வந்து சேரவில்லை என்ற தைரியத்தில், எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னான் மெல்வின்.

ஷேக் பரீத்துக்கு உக்கடத்தில் மூன்று ஷட்டர் போட்ட இரும்புக் கடை. தினமும் காலை ஐந்தரைக்குப் பெரியகுளத்துக் கரையில் ஓட வரும் கோஷ்டியில் அவரும் ஒருவர். கையில் கட்டியிருப்பதோ ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய ஜி.பி.எஸ். வாட்ச். பட்டை அறுந்துபோய், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்.

அந்த வாட்ச்சுக்கு ஒரு குணம். மூன்றாவது கிலோமீட்டர் வந்தால் நின்றுவிடும்.

அது நின்றதும் பாய் நேரே கோபாலசாமியின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வார்.

"ஏனுங், எத்தனை கிலோமீட்டர் ஆச்சுங்?"

"மூணேகாலுங்க."

நூறு மீட்டர் போயிருக்காது. "இப்பங்?"

"மூணரைக்கு இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."

இவர் கேட்பதும் அவர் கையைத் தூக்கிப் பார்த்துச் சொல்வதுமாக, இருவரும் மாப்பிள்ளை ஊர்வலம் போல ஆடி அசைந்து கடைசியில் வந்து சேர்வார்கள்.

பாய் எப்படி ஓடினால் மெல்வினுக்கு என்ன? அவன் கவலையெல்லாம் கோபாலசாமியைப் பற்றித்தான். போத்தனூர்க்காரர். பம்ப் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். டிசம்பரில் நடக்கும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. போன வருடம் நாலே நிமிடத்தில் தவறியது. இந்த ஏப்ரலில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, இரண்டு மாதம் படுத்து எழுந்து, மறுபடி ஓட வந்திருக்கிறார். "கூட வரட்டுங்களா?" என்று யாராவது கேட்டால் போதும், "நான் என்ன சீக்காளிங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஓட்டத்துக்கு இன்னும் மூன்றே வாரம். பாயும் அதில் பெயர் கொடுத்திருக்கிறார். இந்த நேரத்தில் அவர் தோளில் பாய் தொங்கினால் எப்படி?

மெல்வினே ஒரு வழி கண்டுபிடித்தான். வருடம் ஒரு வாட்ச் மாற்றாவிட்டால் அவனுக்குக் கை கால் ஓடாது. தூக்கத்தில் எத்தனை முறை புரண்டான் என்பது வரை சொல்லும் புது மாடல் ஒன்று நேற்றுத்தான் வந்திருந்தது. பழையதைத் துடைத்து, டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தான். ஓடி முடித்ததும் பாயிடம் நீட்டினான்.

"சும்மாவே வெச்சுக்கங்க பாய். வாங்கி ஒரு வருசந்தானுங்க ஆச்சு. ரெண்டு வாரம் சார்ஜ் நிக்கும்."

"வேண்டாங் தம்பி."

ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பார்கள் என்பார்கள். பாய் ஓசியிலும் வேண்டாம் என்கிறார்.

"ஏனுங்க?"

"இது பழகிப்போச்சுங்."

மெல்வினுக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க மாத்தாட்டிப் போகுதுங்க. உங்களால கோபாலசாமி அண்ணன் டைமிங் கெட்டுப்போகுது. மூணு வாரந்தான் இருக்கு. அவரை உட்டுருங்க பாய்."

பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். மெல்வினின் கையைப் பிடித்து டீ வண்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்.

"என்ற வாட்ச் நல்லாத்தானுங் ஓடுது. மூணாவது கிலோமீட்டர்ல நானே அமுக்கி ஆஃப் பண்ணிப்போடறேன்."

"எதுக்குங்க?"

"அவரு சம்சாரம் அம்புஜம் போன் பண்ணுச்சுங். 'ஊட்டுக்காரர ஒத்தையில ஓட உட்டுராதீங்கண்ணா'ன்னு ஒரே அழுகை. கூட வாரேன்னு சொன்னா அந்த மனுசன் ஒத்துக்குவாருங்களா? அதான், கிலோமீட்டர் கேக்கற சாக்குல ஒட்டிக்கிட்டுப் போறேன். நான் மெதுவாப் போனா அவரும் மெதுவா வருவாரு."

மெல்வின் கையிலிருந்த டப்பாவைக் காட்டினான். "அப்ப இதையும் அதே மாதிரி அமுக்கி நிறுத்திக்கலாமுங்களே?"

"புது வாட்ச் தினம் நின்னா நம்புவாருங்களா? நிக்கறதுக்குப் பழசுதானுங் தோது. அவருக்குத் தெரியாமப் பாத்துக்கங்க தம்பி."

காலையில் ஓட்டிய காக்காய் திரும்பி வந்து தன் தலையிலேயே கொத்துவது போலிருந்தது மெல்வினுக்கு. வெட்கமாகப் போய்விட்டது. "சத்தியமாச் சொல்ல மாட்டேனுங்க," என்றான்.

பாய் கடை திறக்கக் கிளம்பிப் போனார். மெல்வின் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"தம்பி, பாய்க்குப் புது வாட்ச் குடுத்துட்டீங்களா?" கோபாலசாமி நின்றிருந்தார்.

"வேண்டான்னுட்டாருங்க அண்ணா."

"நல்லதாப் போச்சு. இனிமேலும் குடுத்துப்போடாதீங்க."

"உங்களுக்குத்தானுங்களே தொல்லை? அந்த ரெண்டரை மணி நேரம்..."

"அட, இனி இஷ்டத்துக்கு ஓடுங்கன்னு டாக்டர் ஆகஸ்ட்லயே சொல்லிட்டாருங்க. என்னாலயும் ஓட முடியுது. பாயை உட்டுட்டுப் போறதுக்குத்தான் மனசு வரல."

கோபாலசாமி அவன் காதருகே குனிந்தார்.

"அந்த வாட்ச் தானா நிக்கறதில்லீங்க. அவரே அமுக்கி நிறுத்தறாரு, என்ற கண்ணால பாத்தேன். பாவம், மூணு கிலோமீட்டருக்கு மேல மூச்சு வாங்குது போல. வெளிய சொல்ல வெக்கம். ரெண்டரை மணி நேரத்தை அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க. இந்த வருசம் நான் மெதுவா ஓடி எப்படியாச்சும் அவரைக் கரை சேத்திப்போடறேன்."

மெல்வின் வாயைத் திறந்தான். சத்தியம் செய்தது ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

"அவருக்குத் தெரியாமப் பாத்துக்கங்க தம்பி," என்றார் கோபாலசாமி.