கேட் வரைக்கும் வந்தவள்

ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. எதிரே இருந்த பெண்ணுக்கு எட்டாம் மாதம். முகமும் கால்களும் வீங்கிக் கிடந்தன. மசக்கை நாட்களில் ஒருமுறை வந்துவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு தலைகாட்டவே இல்லை.

"இத்தனை மாசமா எங்கம்மா போயிருந்தே? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நீயும் போயிருப்பே, புள்ளையும் போயிருக்கும்! யாரு உன்னைத் தடுத்தது? மாமியாரா?"

வாசலில் நின்ற மாமியார் பதறிப்போனாள். "ஐயோ, மாசாமாசம் கெஞ்சுவேன்மா. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வருவா, அப்படியே திரும்பிடுவா."

"அப்ப புருஷனா? கூப்பிடு அவனை! போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாத்தான் புத்தி வரும்."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்று வெடித்தாள் அந்தப் பெண். "இன்னிக்கு என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்ததே அவர்தான்."

"பின்னே யாருடி?"

"நீங்கதான். 'மூணாவதா? வெக்கமா இல்ல? இனிமே என் மூஞ்சியில முழிக்காதே'ன்னு வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும் விரட்டினீங்களே!"

டாக்டரம்மாவுக்கு அவள் முகம் நினைவில்லை. வார்த்தைகள் நன்றாக நினைவிருந்தன. இன்று காலையில்கூட வேறொரு கர்ப்பிணியை அதையே சொல்லித்தான் விரட்டியிருந்தாள்.