மூணு பின்

"கையை எடுங்க சார்! அது நாலு பின். பன்னெண்டு வோல்ட். லைட்டுப் பட்டை கருகிடும்!"

கம்ப்யூட்டர் மெக்கானிக் கையை எடுத்தார். பதினைந்து வருட சர்வீஸில் அவருக்கு மதர்போர்டு பாடம் நடத்திய முதல் பஸ் டிரைவர் இவர்தான்.

"எல்லாம் லைட்டுதானேண்ணே? கொஞ்சம் அழுத்தினா உள்ள போயிடும்."

"போகும். போன வாரம் வேற கடையில ஒருத்தர் அப்படித்தான் அழுத்தினார். ஒரே நொடியில அறுபது பல்பும் அவுட். இது அஞ்சு வோல்ட் பட்டை. மூணு பின்லதான் சொருகணும்."

"அதுல ஃபேன் லைட் இருக்கே! சரி, நாலு பின்னுக்குத் தோதா வேற பட்டை தரேன்."

"அது மொத்தமும் ஒரே கலர்ல எரியும். எனக்கு ஒவ்வொரு பல்பும் தனித்தனியா சொன்ன பேச்சு கேக்கணும். ஃபேன் லைட்டைக் கழட்டிடுங்க."

"எங்க வீட்ல ஒருத்தர்கூட அப்படிக் கேக்கறதில்லைண்ணே."

டிரைவர் சிரிக்கவில்லை. சாயந்திரம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டின் ஃபைனல். இருபத்தொன்பது பேரைத் தோற்கடித்துவிட்டு வந்திருக்கும் அவர் மகள், இந்த விளக்கு எரியாவிட்டால் விளையாட உட்காரவே மாட்டாள்.

மகளோ கடை மூலையில் செல்போனில் மூழ்கியிருந்தாள்.

"ஏம்மா, லைட்டு மினுக்கினாத்தான் உன் துப்பாக்கி சுடுமா?" என்று வம்புக்கு இழுத்தார் மெக்கானிக்.

அவள் நிமிரக்கூட இல்லை.

'ஃபைனலுக்கே இவ்வளவு திமிரா!' என்று முனகியபடி ஃபேன் லைட் இணைப்பைப் பிடுங்கி, மூன்று பின்னில் பட்டையைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். திரையைச் சுற்றி ஒட்டியிருந்த அறுபது பல்புகளும் எரிந்தன.

மகள் வந்து உட்கார்ந்து ஒத்திகை ஆட்டம் ஒன்றைத் தொடங்கினாள். வலது மூலை சிவந்தது. சட்டென்று வலப்பக்கம் திரும்பிச் சுட்டாள். இடப்பக்கம் சிவந்தது. அங்கேயும் ஒருவன் காலி. மூன்று நிமிடத்தில் பதினோரு பேர் மண்ணைக் கவ்வினார்கள்.

மெக்கானிக்கின் வாய் மூடவில்லை. "அண்ணே, ஒளிஞ்சு வர்றவனைக்கூட விட மாட்டேங்கறாளே! ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்க, பொண்ணு எங்கயோ போயிடுவா!"

பஸ் டிரைவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஹெட்போன் எதுக்கு சார்? எந்தப் பக்கம் காலடிச் சத்தம் வருதோ, அந்தப் பக்கத்து பல்பு சிவக்கும். அந்தப் புரோகிராமை எழுதினதே அவதான். பொறந்ததிலேருந்தே அவளுக்குக் காது கேக்காது."