பொடி எழுத்து

கரும்பாலையில் மூட்டை தூக்கிய வியாகுலத்துக்குப் போன வருஷம் சர்க்கரை வியாதி வந்தது. அன்றிலிருந்து பாக்கெட்டைப் படிக்காமல் அவர் எதையும் வாயில் வைப்பதில்லை.

"சர்க்கரை ரெண்டே கிராம்தான் போட்டிருக்கான். இன்னொரு பாக்கெட் பிரிடி!"

ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிய தெரசா மறுபேச்சில்லாமல் பிஸ்கெட்டைப் பிரித்து வைத்தாள். டீ ஆறிப்போயிருந்தால் அவர் வாய் பேசாது, வலது கால்தான் பேசும்.

பாத்ரூமில் எறும்பு மொய்த்தது. வலது கால் புண் ஆறவேயில்லை. ஒருநாள் பாதம் கறுத்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையிலிருந்த பிஸ்கெட் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "ரெண்டு கிராம் ஒரு பிஸ்கெட்டுக்குங்க. கீழ பொடியா போட்டிருக்கான் பாருங்க."

"ஒண்ணே ஒண்ணு தின்னுட்டு எவன் பாக்கெட்ட மூடி வெப்பான்?" என்று வியாகுலம் கத்தினார். "தெனம் மூணு பாக்கெட் தின்னுக்கினு இருந்தேனே!"

"முட்டிக்குக் கீழ எடுத்தாவணும்" என்றாள் நர்ஸ். "வூட்டுக்காரம்மாவும் கையெழுத்து போடணும்."

"அவளுக்கு எழுத்தே தெரியாது. மை டப்பாவ குடு, கைநாட்டு வெப்பா."

தெரசா மை டப்பாவைத் தள்ளி வைத்தாள். படிவத்தை வாங்கி, அடியிலிருந்த பொடி எழுத்துவரை விரல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

வியாகுலம் படுக்கையிலிருந்து நிமிர்ந்தார். "உனக்கு... படிக்கத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும். ஜெபக்கூட்டத்துல சிஸ்டரு சொல்லிக் குடுத்தாங்க."

பிறகு நர்ஸைப் பார்த்தாள். "வலது கால்னுதான் போட்டிருக்கு. சரியா இருக்குதுங்க."

முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.