கடைசி வரிசையில் ஒரு உச்சு

"நீங்க வந்து உட்கார்ந்தா என் கை என் பேச்சைக் கேக்காதுங்க, தயவுசெஞ்சு வராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் காலையில் மனைவி துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கிளம்பினாள். இருந்தும் கடைசி வரிசையில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் முதுகு மட்டும் தெரிகிறது. இடது கை பேன்ட் பைக்குள் இருக்க, வலது கையிலிருக்கும் பிஸ்டல் மெல்ல எழுந்து, நின்று, டப் என்கிறது. மதிப்பெண் திரையில் பத்து. மறுபடியும் பத்து. கூடத்தில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அடுத்தது எட்டு. என்னையறியாமல் உச்சுக்கொட்டிவிடுகிறேன். டீ ஆறியிருந்தாலும், சட்டை கசங்கியிருந்தாலும் வீட்டில் நான் கொட்டுகிற அதே உச்சு. அவள் திரும்பவில்லை. பின்கழுத்து மட்டும் விறைக்கிறது. தூக்கிய கையை இறக்குகிறாள்; கால்களை மாற்றி வைக்கிறாள்; மறுபடி தூக்குகிறாள். பிஸ்டலின் முனை நடுங்குவது இங்கிருந்தே தெரிகிறது. ஐந்து. முன்வரிசையிலிருந்து அவளுடைய பயிற்சியாளர் எரிச்சலோடு திரும்பி, "யாருய்யா அது, அறிவில்லாம உச்சுக்கொட்டறது?" என்கிறார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்புகின்றன. நானும் அவர்களோடு சேர்ந்து பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். எனக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருக்கிறது.