அட்டைக் கவசம்

"முன்னாடி எப்படி இருந்தாலும் பரவாயில்ல. முதுகுப் பக்கம்தாம்மா கெட்டியா இருக்கணும்," என்றாள் மனிஷா.

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டி, மேடையில நின்னா எல்லாரும் முன்பக்கம்தானே பார்ப்பாங்க? முதுகை யாரு பார்க்கப் போறா?"

மனிஷா மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பிஸ்கெட் பெட்டி அட்டையின் மேல் இன்னொரு அட்டையை வைத்து, மைதாப் பசையை அள்ளி அள்ளித் தடவினாள்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தால் வந்தது. பக்கத்து வீட்டுச் சென்னம்மாவின் டி.வி.யில் ஏதோ ராஜா காலத்துக் கன்னடப் படம். அதில் ராணிக்குக் காவலாக ஒரு பெண்கள் படை. கையில் வேல், உடம்பில் பளபளவென்று கவசம். எதிரிகள் விட்ட அம்பெல்லாம் கவசத்தில் பட்டு டங் டங்கென்று கீழே விழ, தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும் மனிஷா மட்டும் கண் கொட்டாமல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, அந்த மாதிரி ஒண்ணு செய்யலாமா?" என்று பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி? உங்க ஸ்கூல் மாறுவேடப் போட்டிக்கா?"

மனிஷா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

பஞ்சவர்ணத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவள் அவள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் படியே மிதித்ததில்லை. இன்றைக்குத் தன் மகள் மேடை ஏறப் போகிறாள்! ஊதுபத்தி உருட்டும் இடத்தில் கூட உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களிடமும் சொல்லிவிட்டாள்.

பெட்டிக்கடையில் சொல்லிவைத்து, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளாகச் சேர்த்தார்கள். பழைய போர்வையைக் கிழித்து அட்டைக்குள் வைக்கச் சொன்னாள் மனிஷா. சாக்கு தைக்கும் கோணி ஊசியால் தைத்தபோது பஞ்சவர்ணத்துக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சென்னம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவள் ஊசியைக் குத்த, மறுபக்கத்திலிருந்து மகள் இழுத்தாள்.

"உன் அளவுக்கு வெட்டிடலாம்டி. இப்படியே போட்டா ஆமை மாதிரி இருப்பே."

"பேடா, பேடா! வேணாம், வெட்டாதம்மா! முழுசா இருக்கட்டும்!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தி, கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள் மனிஷா.

சரி, குழந்தையின் ஆசை என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை போட்டி. காலையில் மனிஷா பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பஞ்சவர்ணம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த பச்சைச் சேலையைக் கட்டி, சென்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ராஜா வந்தான். போலீஸ்காரன் வந்தான். கத்தரிக்காய் வேஷத்தில் ஒரு குட்டிப் பெண் வந்து அழுதுவிட்டுப் போனாள். ஒவ்வொரு பேரைக் கூப்பிடும்போதும் பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மனிஷா என்ற பேர் வரவே இல்லை.

பரிசு கொடுத்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், வெறும் யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தாள் மனிஷா.

ஓடிப்போய் மனிஷாவின் வகுப்பு லீலா மிஸ்ஸைக் கேட்டாள். "அவ ஹெஸரே கொட்டில்லம்மா," என்றார் மிஸ். பேரே கொடுக்கவில்லையாம். "நானே ரெண்டு தடவை கேட்டேன். எனக்கு வேண்டாம் மிஸ்னு சொல்லிட்டா."

சென்னம்மா ஏதோ ஆறுதல் சொன்னாள். பஞ்சவர்ணத்தின் காதில் விழவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியில் ஊதுபத்திக்காரி ஒருத்தி, "என்னக்கா, பரிசு வாங்கிட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்துவிட்டாள். "பொய் சொல்லி என்னை ஏமாத்திட்டியேடி! அத்தனை பேரு முன்னாடி எப்படி உக்காந்திருந்தேன் தெரியுமா? மேடை ஏறப் பயமா இருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா? எதுக்குடி என்னை உக்கார வச்சு அத்தனையும் தைக்க வச்சே?"

பஞ்சவர்ணம் கையை ஓங்கினாள். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுதாள்.

கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம். காலையில் பைக்குள் போகாத கவசம் அங்கேதான் இருந்தது.

மனிஷா அதைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, அம்மாவின் தலை வழியாக மாட்டினாள். கனமான பக்கத்தை முதுகில் சரியாகப் பொருத்தி, இரண்டு பக்கமும் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். அளவு கச்சிதமாக இருந்தது.

"என்னடி பண்றே?" என்றாள் பஞ்சவர்ணம், ஈர முகத்தை நிமிர்த்தி.

மனிஷா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா வர்ற நேரமாச்சும்மா. கழட்டாதே."