பிரசவ வார்டின் கதவு

நர்ஸ் அமலோற்பவம் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். எட்டு மாத வயிற்றோடு திருநம்பி மாறன்பரிதி ரத்தத்தில் ஊறிக் கிடந்தான். பிரசவ வார்டின் கண்ணாடிக் கதவு அவன் அடையாள அட்டையைப் படித்தது. "ஆண்களுக்கு அனுமதி இல்லை" என்று அறிவித்துப் பூட்டிக்கொண்டது.

"அட்டையில பொம்பளைன்னு மாத்திக்க. ஒரு கைரேகை வெச்சா திறந்துரும்," என்றார் கதவருகே நின்ற வார்டு சூப்பர்வைசர்.

"நான் ஆம்பளை சார். வயித்துல இருக்கிறதும் என் புள்ளதான்," என்று அவன் முஷ்டியை இறுக்கினான்.

சூப்பர்வைசர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினார். அவன் அலறினான். அமலோற்பவத்துக்குப் பொறுக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக் கதவில் மூன்று முறை இடித்தாள். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அவள் முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

"உன் வேலை போச்சுடி!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"போவட்டும்யா. புள்ளைக்குத் துடிப்பு குறையுது. ஸ்ட்ரெச்சரை அந்தப் பக்கம் தூக்கு!"

அவர் கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு வந்து தூக்கினார்.