பாதியில் நின்ற பேட்டி

"லைன் போச்சும்மா, மன்னிச்சுக்கோங்க" என்று போனைக் கீழே இறக்கினான் டிவி நிருபர்.

"சார், சார், இன்னும் ஒரே ஒரு வார்த்தை சார்!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் தங்கச்சி.

பக்கத்தில் நின்ற அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. பாய்லர் வெடித்ததிலிருந்து ஃபேக்டரி கேட் மூடியே கிடக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்ன ஆனார் என்று சொல்ல நாதியில்லை. எட்டிப் பார்த்தது இந்த டிவிக்காரன் ஒருத்தன்தான்.

முன்னெல்லாம் வேனில் நாலு பேர் வந்து இறங்குவார்கள். இவன் குச்சியில் போனை மாட்டிக்கொண்டு, தானே படம் பிடித்து, தானே பேசுகிறான். சரி, கழுதை, இதுவாவது கிடைத்ததே என்று தங்கச்சியை முன்னால் நிறுத்தினால்...

"எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கார், கதவை உடைக்கச் சொல்லுங்க" என்பதைக்கூட அவள் முடிக்கவில்லை.

லைனாவது, போறதாவது! இவனே விரலால் அமுக்கியதை அண்ணன் கண்ணால் பார்த்தான்.

கூட்டத்தை விட்டு நழுவியவனை விரட்டிப் போய்ச் சட்டையைப் பிடித்தான்.

"யோவ், யார்கிட்ட கதை விடுறே? நீதானே கட் பண்ணினே?"

"ஆமாண்ணே."

"ஆமாவா! முதலாளி என்னய்யா கொடுத்தான்? நடிகை தும்மினா நாள் பூரா காட்டுறீங்க. என் தங்கச்சி புருஷனுக்காகக் கதறினா மட்டும் லைன் போயிடுமா? சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறியா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. அவங்களுக்குக் கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே! ஊருக்கே கேக்கட்டும்!"

நிருபர் திரும்பிப் பார்த்தான். தங்கச்சி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல இருந்து பேசறாங்க. நீங்களே கேளுங்க."

தன் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றி அண்ணன் காதில் வைத்தான். அதற்குள் ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது.

"எங்கடா தொலைஞ்சே? லைவ்ல வா! பின்பக்க கேட் வழியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாடி அவ புருஷன்தான், கன்ஃபர்ம் ஆயிடுச்சு. அவளுக்கு இன்னும் தெரியாது. நீயே சொல்லு, சொல்லிட்டு மூஞ்சியை குளோசப்ல பிடி. முடியாதுன்னா வேலையை விட்டுப் போய்ட்டே இரு. அவ அழறது முதல்ல நம்ம சேனல்லதான் வரணும்!"